கையை வீசினால் அணையும் கண்ட்ரோலர்

மாணவர்களே, மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து ‘பீட் சேபர்’ விளையாடியிருக்கிறீர்களா? 2018-இல் வெளிவந்த விளையாட்டு. இசைக்கேற்பப் பறந்து வரும் கட்டங்களை ஒளிவாளால் வெட்ட வேண்டும். வாள் என்பது நம் கையிலிருக்கும் கண்ட்ரோலர்தான். வேகமான பாட்டில் ஓங்கி வீசும்போது, சில வேளைகளில் வாள் அந்தரத்தில் உறைந்து நின்றுவிடும். “பேட்டரி முடிந்துவிட்டது” என்று உடனே கழற்றி வீசிவிடுவோம். பேட்டரியில் மின்சாரம் நிறையவே மிச்சமிருக்கலாம்.

குவெஸ்ட் 2 (2020), குவெஸ்ட் 3 (2023) கண்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ‘ஏஏ’ பேட்டரி இருக்கிறது. சுவர்க்கடிகாரத்தில் போடும் அதே பேட்டரிதான். அதன் அறையில் ஒரு பக்கம் உலோகத் தகடு, மறுபக்கம் கம்பிச்சுருள். மின்சாரத்தைக் கடத்துவதும், பேட்டரியைத் தகட்டோடு அழுத்தி வைப்பதும் அந்தச் சுருளின் வேலை.

இப்போது படிவம் 4-இல் படித்த மையநோக்கு விசையை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஆல்கலைன் பேட்டரியின் நிறை சுமார் 23 கிராம். கை 0.6 மீட்டர் ஆரத்தில், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 60. புவியீர்ப்பைப் போல ஆறு மடங்கு! 0.023 கிலோகிராமால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.4 நியூட்டன். பேட்டரி கையின் நீளவாட்டில் இருந்து, சுருள் வெளிப்பக்கம் அமைந்திருந்தால், இந்த விசையைத் தர வேண்டியது சுருள்தான். அதன் அழுத்தம் குறைவாக இருந்தால் சுருள் நசுங்கும், பேட்டரி தகட்டை விட்டு விலகும். ஒரு கணம் மின்சுற்று அறுந்தாலே போதும்.

அப்படியானால் முரட்டுச் சுருளாகப் போட்டால் என்ன? பேட்டரியை உள்ளே தள்ளவே சிரமம்; அறையின் பிளாஸ்டிக்கும் நாளடைவில் விரிந்துகொடுக்கும். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. தலையை யாரும் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசுவதில்லையே!

2019-இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கண்ட்ரோலரில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டு, மின்னேற்றிக்கொள்ளும் வகையில் இருக்கிறது. கழற்றி மாட்டும் அறை இல்லை, ஆகவே இந்தத் துள்ளலும் இல்லை. ஆனால் அது தேய்ந்துபோனால் மாற்றுவது சுலபமல்ல. கெமாஸ் போன்ற சிறுபட்டணத்துக்கு, மளிகைக்கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரிதான் தோது என்பது என் கருத்து.

அடுத்த முறை வாள் உறைந்தால், பேட்டரியை எறியுமுன் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வோல்ட்மானியால் அளந்து பாருங்கள். ஆல்கலைன் பேட்டரி 1.4 வோல்ட் காட்டினால் அதன்மேல் பழி போடாதீர்கள். பேட்டரியின் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். தட்டையாகிப்போன சுருளை மெதுவாகச் சற்று இழுத்துவிடுங்கள். சிலர் அலுமினியத் தாளை மடித்துச் செருகுகிறார்கள். அது நழுவினால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பேட்டரி சூடேறும், வேண்டாம். மின்னேற்ற முடியாத லித்தியம் ஏஏ சுமார் 15 கிராம்தான். அதே வீச்சில் விசை 0.9 நியூட்டனாகக் குறைந்துவிடும், விலைதான் கூடுதல்.

இணையத்தில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘14500’ என்று எண்ணிட்ட லித்தியம்-அயான் பேட்டரியும் ஏஏ அளவில்தான் இருக்கும். அறைக்குள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்குச் செய்த கண்ட்ரோலரில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் மின்சுற்று கருகிப்போகக்கூடும்.