15 நிமிடச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

மருத்துவம்

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து நுரையீரலை அளக்கும் சோதனை ஆஸ்துமாவையும் சிஓபிடியையும் பிரித்துக் காட்டிவிடும் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்துள்ளன. ஆனால் சோதனை வேறு காரணங்களுக்காக இன்றும் தேவைப்படுகிறது.

மூக்கில் கிளிப். வாயில் அட்டைக் குழாய். "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, விடாம ஊதுங்க" என்று டெக்னீஷியன் உரக்கக் குரல் கொடுக்கிறார். நோயாளி முகம் சிவக்க ஊதுகிறார். ஒருமுறை அல்ல, குறைந்தது மூன்று முறை. பிறகு ஸ்பேசர் வழியாக 400 மைக்ரோகிராம் சால்புட்டமால், அதாவது சாதாரண இன்ஹேலரில் நான்கு அழுத்து. 15 நிமிடம் காத்திருந்துவிட்டு மறுபடியும் ஊத வேண்டும். இந்தியாவின் எந்தப் பெரிய மருத்துவமனையின் நுரையீரல் நோய்ப் பிரிவிலும் அன்றாடம் பார்க்கக்கூடிய காட்சி இது.

இந்தச் சோதனையின் முடிவை எதிர்பார்த்திருப்பவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 2016-ல் இந்தியாவில் 5.53 கோடிப் பேருக்கு சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயும் 3.79 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2018-ல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. 1990-ல் சிஓபிடி நோயாளிகளின் எண்ணிக்கை 2.81 கோடிதான். உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் கொண்ட இந்தியா, நாள்பட்ட சுவாச நோய்களின் உலகச் சுமையில் 32 சதவீதத்தைத் தாங்குகிறது என்றும் அந்த மதிப்பீடு கணக்கிட்டது.

இரண்டு நோய்களிலும் இளைப்பு, இருமல், சளி, நெஞ்சில் விசில் சத்தம் எல்லாம் உண்டு. ஆனால் வழக்கமான சிகிச்சை வேறு. ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருந்து, மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். சிஓபிடிக்கு முதலில் கொடுப்பது மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்து. சிஓபிடி நோயாளிக்குத் தேவையில்லாமல் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தால் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்துமா நோயாளிக்கு அதே ஸ்டீராய்டைக் கொடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆக, எந்த நோய் என்று முடிவு செய்வது வெறும் பெயர் சூட்டும் விவகாரம் அல்ல.

எல்லைக்கோடு எங்கே?

ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1846-ல் லண்டனில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர். மொத்தக் காற்றை மட்டுமல்லாமல் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியேறுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற யோசனை, ஒரு நூற்றாண்டு கழித்து 1947-ல் பிரான்ஸில் டிஃப்னோ என்பவரிடமிருந்து வந்தது. முதல் நொடிக் காற்றின் அளவுக்கு இன்று எஃப்.ஈ.வி.1 என்று பெயர். முழுமூச்சாக ஊதும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. குழாய் சுருங்கியிருந்தால் முதல் நொடிக் காற்று குறையும். சால்புட்டமால் 1969-ல் சந்தைக்கு வந்த பிறகு, குழாயை விரித்துவிட்டு மறுபடி அளப்பது சுலபமாயிற்று.

மருந்துக்குப் பின் அளவு எவ்வளவு கூடினால் அது 'பலன்'? அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2005-ல் ஒரு கோடு கிழித்தன. முதல் அளவைவிட 12 சதவீதமும் அதோடு 200 மில்லியும் கூட வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்.

உடல் சிறுத்தவர்களுக்கு இந்தக் கோடு அநியாயம் செய்தது. எஃப்.ஈ.வி.1 ஒரு லிட்டர் மட்டுமே உள்ள, குள்ளமான, வயதான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குப் பின் அது 1,190 மில்லி ஆகிறது. கூடியது 19 சதவீதம். ஆனால் 200 மில்லிக்கு 10 மில்லி குறைவு. எனவே, 'பலன் இல்லை' என்று அச்சாகும்.

இதே சங்கங்கள் 2021-க்கான புதிய நெறிமுறையில் கோட்டை மாற்றின. வயது, உயரம், பாலினத்தை வைத்து அந்த நபருக்கு இருக்க வேண்டிய அளவு கணக்கிடப்படுகிறது. அந்த அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது பலன். மேற்சொன்ன பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவு 1,800 மில்லி என்றால், 190 மில்லி என்பது 10.6 சதவீதம். அதே ஊதல், அதே காற்று. முடிவு மட்டும் 'பலன் உண்டு'.

இதிலும் ஒரு சிக்கல். 'இருக்க வேண்டிய அளவு' எந்த மக்களை அளந்து கிடைத்தது என்ற கேள்வி எழுகிறது. ஸ்பைரோமீட்டரில் பதிந்திருக்கும் சூத்திரம் அவருக்கு 2,000 மில்லி என்று கணக்குப் போட்டால் 190 மில்லி 9.5 சதவீதமாகிவிடும், பலன் மீண்டும் மறைந்துவிடும். வெள்ளையர்களுக்கான அளவைச் சற்றுக் குறைத்து ஆசியர்களுக்குப் பொருத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன வேறுபாடு பாராத புதிய சமன்பாடுகள் 2022-ல் வெளியாயின. எந்தச் சூத்திரம் பயன்படுத்தப்பட்டது என்பதை அறிக்கையில் பார்த்துக்கொள்வது மருத்துவருக்கு அவசியமாகிறது.

ஆட்டம் கண்ட நம்பிக்கை

மருந்துக்குக் குழாய் விரிந்தால் ஆஸ்துமா, விரியாவிட்டால் சிஓபிடி. மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்த பாடம் இது. இந்தப் பாடத்தை இரண்டு பெரிய ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கின.

2003-ல் 'தோராக்ஸ்' இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 660 சிஓபிடி நோயாளிகளை மூன்று வெவ்வேறு நாட்களில் சோதித்தது. ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு நாள் 'பலன் உள்ளவர்' பட்டியலிலும் வேறொரு நாள் 'பலன் இல்லாதவர்' பட்டியலிலும் இருந்தார்கள். பல நாடுகளில் நடந்த 'அப்லிஃப்ட்' ஆய்வின் விவரங்கள் 2008-ல் வெளியாயின. இரண்டு வகை விரிப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, 5,756 சிஓபிடி நோயாளிகளில் 53.9 சதவீதம் பேர் 12 சதவீதம்-200 மில்லி கோட்டைத் தாண்டினார்கள். விரியாத குழாய் என்று கருதப்பட்ட நோயில் பாதிக்கு மேல் விரிந்தது.

ஆஸ்துமா தரப்பிலும் இதே கதைதான். இளைப்பு இல்லாத நாளில் வரும் ஆஸ்துமா நோயாளியின் குழாய் ஏற்கனவே திறந்திருக்கும். மருந்து கொடுத்தாலும் அளவு கூடாது. ஒழுங்காக மருந்து எடுப்பவருக்கும் அப்படியே. பல வருடம் கவனிக்காமல் விட்ட ஆஸ்துமாவில் குழாய்ச் சுவர் தடித்து, விரியும் சக்தியே குறைந்துபோகலாம்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-லேயே இதை வெளிப்படையாகச் சொன்னது. பெரும்பாலான சிஓபிடி நோயாளிகளுக்கு எவ்வளவு விரிகிறது என்று வழக்கமாகச் சோதிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு சோதனையை நம்பினால் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கூடுதல் 400 மில்லிக்கு மேல் இருந்தால் அது ஆஸ்துமாவைப் பலமாகச் சுட்டுகிறது என்றும் அது கூறியது.

அப்படியானால் எதற்கு?

சிஓபிடிக்கான சர்வதேச அமைப்பான கோல்டு இந்தச் சோதனைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறது. எவ்வளவு கூடியது என்பதைவிட, மருந்துக்குப் பின் குழாய் எந்த நிலையில் நிற்கிறது என்பதே முக்கியம். மருந்து கொடுத்த பிறகும் எஃப்.ஈ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்தால் 0.7-க்குக் குறைவாக வந்தால்தான் சிஓபிடி உறுதி. மருந்துக்கு முந்தைய அளவை மட்டும் வைத்து முடிவு செய்தால், தற்காலிகமாகச் சுருங்கிய குழாய் உள்ளவருக்கும் வாழ்நாள் நோய் என்ற முத்திரை விழும். மருந்துக்கு முன்பே விகிதம் 0.7 அல்லது அதற்கு மேல் இருந்தால், பெரும்பாலும் இரண்டாவது ஊதல் தேவையில்லை என்று கோல்டு 2025 அறிக்கையில் சலுகை தந்தது. நோயாளிகள் குவியும் இந்திய மருத்துவமனைகளுக்கு இது வசதி.

'பலன் இல்லை' என்ற முடிவைப் பார்த்து இன்ஹேலரை மறுப்பதுதான் ஆபத்தான பிழை. 15 நிமிடத்தில் எஃப்.ஈ.வி.1 கூடவில்லை என்றால் மருந்து உதவாது என்று பொருள் அல்ல. சிஓபிடியில் பழைய காற்று நுரையீரலுக்குள் சிக்கிக்கொள்கிறது. விரிப்பு மருந்து அதை வெளியேற்ற உதவும்போது, முதல் நொடிக் காற்று அதிகம் மாறாமலேயே நோயாளி கூடுதல் தூரம் நடக்கவும் மாடி ஏறவும் முடிகிறது. எனவே, சிகிச்சையைத் தீர்மானிக்க விரிவின் அளவைப் பார்க்க வேண்டாம் என்கிறது கோல்டு.

அடுப்பங்கரை நோயாளிகள்

இந்தியாவில் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. சிஓபிடி என்றால் பீடி, சிகரெட் பிடிக்கும் ஆணின் நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். விறகும் வரட்டியும் எரித்துச் சமைத்த பெண்களுக்கும் அது வருகிறது. கிராமப்புறப் பெண்களுக்கு காஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் தொடங்கியது. ஆனால் 20, 30 வருடம் சுவாசித்த புகையின் விளைவு சிலிண்டர் வந்ததும் போய்விடாது. புகைபிடிக்காத பெண்ணுக்கு இளைப்பு என்றால் ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் என்றால் காசநோய் என்று சுலபமாக முடிவு கட்டப்படுகிறது. காசநோய் குணமான பின் விட்டுச்செல்லும் தழும்பும் மூச்சை அடைக்கலாம் என்பது குழப்பத்தை மேலும் கூட்டுகிறது.

இவர்களுக்குத்தான் சோதனை எட்டாமல் இருக்கிறது. ஏராளமான ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்பைரோமீட்டர் இல்லை. கருவி வந்தாலும் ஊத வைக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அரைமனதாக ஊதிய ஊதலின் அச்சுப் பிரதியால் பயனில்லை. ஆஸ்துமாவுக்கான சர்வதேச அமைப்பான ஜினா ஒரு மாற்று வழி சொல்கிறது. ஸ்பைரோமீட்டர் கிடைக்காத இடத்தில் விலை மலிவான பீக் ஃப்ளோ மீட்டரில் ஊத வைக்கலாம். மருந்துக்குப் பின் அளவு 20 சதவீதம் கூடினால் அதை ஆஸ்துமாவுக்கான சான்றாக ஏற்கலாம்.

சோதனைக்கு முன்

* சால்புட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலரைக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்பவற்றை ஒன்று அல்லது இரண்டு நாள் முன்பு. எதை, எப்போது என்று மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். மூச்சுத் திணறினால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

* எடுத்த மருந்தை மறைத்தால் 'பலன் இல்லை' என்ற தவறான முடிவு வரும்.

* அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சளியில் ரத்தம் வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

* மருந்துக்குப் பின் சிறிது படபடப்போ கை நடுக்கமோ வரலாம். சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

* அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்துக்குப் பிந்தைய எஃப்.ஈ.வி.1 அடுத்த வருட அளவோடு ஒப்பிட உதவும்.

கடைசிக் குறிப்பு சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாள் ஊதலைவிட, வருடா வருடம் எடுத்த ஊதல்களின் வரிசை அதிகம் சொல்கிறது. ஆஸ்துமாவில் அளவு ஏறி இறங்கும். சிஓபிடியில் மெல்லச் சரியும். புகையும் அடுப்பும் தூசியும் பற்றி நோயாளி சொல்லும் கதையோடு அந்த வரிசையை வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, 12 சதவீதமா 10 சதவீதமா என்ற சர்ச்சை பெரும் தடையாக இருக்காது.