பூட்டிய அறையும் புதுக்காற்றும்

கிண்ணியாவிலே கச்சான் வீசும் மாதங்களில் வெம்மைக்கு அஞ்சியும், மாரிக் காலத்தில் சாரலுக்கும் நுளம்புக்கும் அஞ்சியும் சாளரங்களைச் சாத்திவிட்டுத் துயில்கின்றோம். 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் டெங்குக் காய்ச்சல் இவ்வூரிற் பல உயிர்களைக் கவர்ந்ததை அறிந்தோர் அவ்வச்சத்தைக் குறைகூறார். எனினும், சாத்திய அறையினுள் நாமே வெளிவிடும் காபனீரொட்சைட்டு எவ்வளவு சேர்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டில் கீலிங் என்பார் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு வெளிக்காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420க்கு மேற்பட்டுவிட்டது. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான ஓர் அறை ஏறக்குறைய 28,000 லீற்றர் காற்றைக் கொள்ளும். துயிலும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவர் எனக் கொள்வோம். இருவர் துயின்றால், காற்றுச் சிறிதும் மாறாதவிடத்து, மணிக்கு 850 பங்கு ஏறும். கதவிடுக்குகளால் வெளிக்காற்றுப் புகுவதால் ஏற்றம் இதனினும் குறையும். ஆயினும் விடியுமுன் 2,000ஐத் தாண்டுதல் அரிதன்று. சுவரிற் பொருத்தும் குளிரூட்டிகளுட் பெரும்பாலானவை அறைக்காற்றையே குளிர்வித்து மீண்டும் அறைக்கே விடுவன. ஆதலின் குளிர்ந்த காற்றைப் புதுக்காற்றென மயங்கலாகாது.

மியூனிக் நகரப் பேராசிரியர் பெத்தன்கோபர் 1858ஆம் ஆண்டிலேயே 1,000 பங்கை நல்லறைக்கு எல்லையாகக் கூறினார். அவ்வெல்லை நஞ்சின் எல்லையன்று. பிறர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியுள்ளது என்பதைக் காட்டும் அளவுகோலாகும். மூச்சுத் தேங்கினால் தலை கனக்கும். காற்றாற் பரவும் நோய்க்கிருமிகளும் உடன்தங்கும்.

கல்லூரி ஆய்வுகூடத்திற் சுண்ணாம்புத் தெளிநீரினுள் ஊதி, அது பால்போல வெளுத்ததைக் கண்டோம். அப்பரிசோதனை வாயுவின் இருப்பைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. இவ்வாயு செங்கீழ்க் கதிரை உறிஞ்சும் என 1859ஆம் ஆண்டில் தின்டால் காட்டிய உண்மையைக் கொண்டே இன்றைய சிறு அளவிகள் இயங்குகின்றன. வாங்குவோர் ‘என்.டி.ஐ.ஆர்.’ வகையைக் கேட்டு வாங்குக. முதலில் வெளியே வைத்து, ஏறத்தாழ 420 காட்டுகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். பின்னர் படுக்கையின் உயரத்தில், மூச்சு நேரே படாத இடத்தில் இரவு முழுதும் வைத்து நோக்குக.

அளவைக் குறைக்கும் வழி எளிதே. எதிரெதிர்ச் சுவர்களிற் சாளரங்களைத் திறந்து, அவற்றிற்கு நுண்ணிய கம்பிவலை பொருத்துதல் வேண்டும். டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. பிற நுளம்புகள் பல இரவிலே கடிப்பன. எனவே வலை இருபொழுதும் பயன்படும். கூரையோரக் காற்றுத் துவாரங்களை அடைத்தலாகாது. குளிரூட்டி இயங்கும்போதும் வலையிட்ட ஒரு சிறு திறப்பு இருக்கட்டும். பூந்தொட்டிகள் இதற்கு உதவா; இரவில் அவையும் இவ்வாயுவையே வெளிவிடும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இவ்வளவி நுளம்புத்திரிப் புகையையோ, கரியடுப்பினின்று எழும் காபனோரொட்சைட்டையோ காட்டாது. பின்னையது உயிர்கொல்லும் நஞ்சு. பூட்டிய அறையிற் கரியடுப்பு ஒருபோதும் எரிதலாகாது.

நுளம்பைத் தடுப்பது வலையாகுக. சாத்திய சாளரம் ஆகாதிருக்க.