கம்பியில்லா இயந்திர விசைப்பலகை: அன்றாடப் பணிக்குத் தேர்ந்தெடுத்தல்

இயந்திர விசைப்பலகை என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் பொருத்தப்பட்ட கணினி விசைப்பலகை ஆகும். அலுவலகக் கணினிகளுடன் வரும் சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் கீழே பெரும்பாலும் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அதிலுள்ள குமிழ் அமுங்கும்போது, அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின் மின்தடங்கள் ஒன்றையொன்று தொட்டு எழுத்து பதிவாகிறது. இயந்திர வகையின் சுவிட்சுக்குள் சுருள்வில் ஒன்றும் உலோகத் தொடுமுனைகளும் உள்ளன. விசை அடிவரை சென்று முட்டுவதற்கு முன்பே, ஏறத்தாழ பாதி வழியில், எழுத்து பதிவாகிவிடும். இத்தகைய பலகையில் கம்பிக்குப் பதிலாக வானொலி அலைவழித் தொடர்பும் மின்கலமும் சேரும்போது அது கம்பியில்லா இயந்திர விசைப்பலகை எனப்படுகிறது.

இன்று பரவலாக உள்ள சுவிட்ச் வடிவம் 1980களில் செர்ரி நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ். வரிசையிலிருந்து வந்தது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கைல் முதலிய சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது, வகைகள் பெருகின. சிவப்பு, பழுப்பு, நீலம் என்று சுவிட்சின் நிறத்தைப் பற்றிய பேச்சே இன்று கடைகளிலும் காணொளிகளிலும் மிகுதியாக உள்ளது.

ஆனால் அன்றாட வேலைக்கு வாங்குபவர் நிறத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. இப்போது விற்கப்படும் பல பலகைகளில் சுவிட்சுகளைப் பற்றவைப்பு இல்லாமல் ஒரு சிறு இடுக்கியால் பிடுங்கி மாற்றிவிடலாம். விசைமூடிகளையும் மாற்றலாம். மாற்ற முடியாதவை மூன்று: விசைகளின் அமைப்பு, பலகையின் உயரம், உள்ளே இருக்கும் வானொலித் தொடர்பு. இவற்றை முதலில் தீர்மானித்துக்கொள்வதே நல்லது.

விசைகளின் அமைப்பு

முழு அளவுப் பலகையில் 104 விசைகள் இருக்கும். வலப்பக்க எண்பகுதியை நீக்கினால் 87. அதையும் நெருக்கி அடுக்கினால் 84 அளவில் வருவது 75 விழுக்காட்டுப் பலகை. மேல்வரிசைச் செயல் விசைகளையும் விட்டுவிட்டால் 65 விழுக்காடு. அம்புக்குறி விசைகளும் போனால் 61 விசைகள் கொண்ட 60 விழுக்காடு. எந்த அளவிலும் எழுத்து விசைகளுக்கு இடையிலான தொலைவு பெரும்பாலும் 19 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆகவே சிறிய பலகை என்றால் விரல்கள் நெருக்கியடித்துக்கொள்ளும் என்ற அச்சம் தேவையில்லை.

கணக்குப் பதிவு செய்பவருக்கு எண்பகுதி இன்றியமையாதது. மற்றவர்களுக்கு அது சுட்டியை உடலிலிருந்து தள்ளி வைக்கும் ஒரு தடைதான். எண்பகுதி இல்லாத பலகையில் வலக்கை அவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டியதில்லை; நாள் முழுவதும் வேலை செய்பவரின் தோள் இந்த வேறுபாட்டை உணரும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொதுவான விலைப்பட்டியல்களில் அது இடம்பெறுவதில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்வரிசை எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. வலப்பக்கத்தில் எழுத்துகள் மிகுதி என்பதால் ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளுக்கான விசைகளும் இங்கே எழுத்துகளாகின்றன. அரைப்புள்ளி விசையில் ‘ந’, அதை அடுத்த மேற்கோள்குறி விசையில் ‘ய’, சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டிலும் ‘ச’, ‘ஞ’, சாய்கோட்டு விசையில் ‘ழ’ வருகின்றன. 60 விழுக்காடு வரையிலான பலகைகளில் இந்த விசைகள் பொதுவாகத் தனியாகவே இருக்கும். அதைவிடச் சிறியவற்றில் இவை வேறு விசையோடு சேர்த்து ஒளித்துவைக்கப்படும். ‘ந’வும் ‘ய’வும் எழுத ஒவ்வொரு முறையும் இரண்டு விசைகளை அழுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது.

வலப்பக்க ஷிப்ட் விசையின் நீளமும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை மேல்வரிசையின் இடக்கை விசைகளில், ஷிப்டுடன் சேர்ந்து வருகின்றன. முறையாகத் தட்டச்சு பயின்றவர் இதற்கு வலப்பக்க ஷிப்டையே அழுத்துவார். 75, 65 விழுக்காட்டுப் பலகைகளில் மேல்நோக்கிய அம்புக்குறிக்கு இடம் கொடுக்க அந்த ஷிப்ட் குறுக்கப்பட்டிருக்கும். விரல் சற்று விலகினால் அம்புக்குறி அழுந்தி, சுட்டுக்குறி மேல்வரிக்குத் தாவிவிடும். எழுத்து போய் வேறு சொல்லின் நடுவே விழும். பழகினால் சரியாகிவிடும். எனினும் வாங்குமுன் படத்தைப் பார்த்து அந்த விசையின் அகலத்தை ஒப்பிடுவது எளிது. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் எழுதுபவருக்கு இந்த இரண்டு சிக்கல்களும் அவ்வளவாக இல்லை. அங்கே எழுத்துகள் பெரும்பாலும் 26 ஆங்கில விசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

உயரம்

இயந்திரப் பலகை சாதாரணப் பலகையைவிடத் தடிமனானது. மேசை உயரமாகவும் நாற்காலி தாழ்வாகவும் இருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தபடியே நிற்கும். அடியிலுள்ள கால்களை விரித்து வைத்தால் வளைவு இன்னும் கூடும். அவற்றை மடித்தே வைத்திருப்பது நல்லது. மடிக்கணினியின் தட்டையான விசைகளுக்குப் பழகியவர்கள் தாழ்சுயவிவர வகை எனப்படும் மெல்லிய இயந்திரப் பலகைகளைப் பார்க்கலாம். அவற்றின் சுவிட்சுகள் வேறு அளவு என்பதால் பின்னாளில் மாற்றுச் சுவிட்சும் விசைமூடியும் கிடைப்பது குறைவு.

தொடர்பு முறை

கம்பியில்லாப் பலகைகள் இரண்டு வழிகளில் கணினியோடு பேசுகின்றன. ஒன்று புளூடூத். மற்றொன்று, யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ஏற்பியோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறை. புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது, விதிமுறைதான் வேறு.

புளூடூத் பலகையைக் கணினி, கைப்பேசி, கைக்கணினி என்று பெரும்பாலும் மூன்று கருவிகளோடு இணைத்து, விசை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். விளையாட்டுக்காரர்கள் பேசும் சில மில்லிநொடித் தாமதம் கடிதமோ கட்டுரையோ எழுதுபவருக்குப் புலப்படாது. புலப்படுவது வேறொன்று: சில நிமிடங்கள் சும்மா இருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பலகை உறங்கிவிடும்; மீண்டும் தொடும்போது முதல் ஓரிரு எழுத்துகள் விழாமல் போகலாம். மேலும், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பு வரும் திரைகளில் புளூடூத் பலகை பொதுவாக வேலை செய்யாது. வட்டுப் பூட்டுக்கான கடவுச்சொல்லைத் தொடக்கத்திலேயே கேட்கும் கணினி உள்ளவருக்கு ஏற்பியோ கம்பியோ தேவைப்படும்.

ஏற்பி முறையில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் அதில் பாதுகாப்புக் கேள்வி ஒன்று உண்டு. 2016இல் அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எட்டு நிறுவனங்களின் மலிவு விலைக் கம்பியில்லாப் பலகைகள் விசையழுத்தங்களை மறையாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே காற்றில் அனுப்புவதை வெளிப்படுத்தியது. 250 அடி தொலைவிலிருந்தே கடவுச்சொல், அட்டை எண் ஆகியவற்றைப் படித்துவிட முடிந்தது. அவை புளூடூத் பலகைகள் அல்ல. ஏற்பியின் மென்பொருளைப் புதுப்பிக்க வழியில்லாததால் பலகையைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு தீர்வும் இல்லை. புளூடூத்திலும் குறை வராமல் இல்லை. 2023 இறுதியில், அருகிலிருப்பவர் பொய்யான விசைப்பலகையாக இணைந்து எழுத்துகளைச் செலுத்த இடம்தரும் பிழை ஒன்று வெளியானது. ஆனால் அது இயங்குதளத்தைப் புதுப்பிப்பதால் சரியாகும் குறை. வங்கி வேலையும் அலுவலக வேலையும் அதே பலகையில் நடக்கும் என்றால், விவரக்குறிப்பில் ஏற்பித் தொடர்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி இல்லாத பலகையில் புளூடூத்தையோ கம்பியையோ பயன்படுத்துவதே அறிவுடைமை.

ஏற்பி அடிக்கடி விட்டுவிட்டு வேலை செய்தால் குற்றம் பலகையுடையதாக இல்லாமலும் இருக்கலாம். யு.எஸ்.பி. 3.0 துளைகளும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணத்தில் விளக்கியது. வெளிவட்டு செருகிய துளைக்குப் பக்கத்திலேயே ஏற்பியைச் செருகாமல், ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியால் விலக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்கலம்

மின்கலத்தைத் தின்பது தட்டச்சு அல்ல, விளக்கு. லாஜிடெக் நிறுவனம் தன் எம்.எக்ஸ். மெக்கானிக்கல் பலகைக்குச் சொல்லும் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும்: பின்விளக்கு எரிந்தால் 15 நாள், அணைத்துவிட்டால் 10 மாதம் வரை. எனவே மின்கலத்தின் கொள்ளளவை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. மின்னேற்றம் ஆகும்போதே கம்பி வழியாகத் தட்டச்சு செய்ய முடியுமா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியும் என்றால், சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தபின்னும் அது கம்பிப் பலகையாகத் தொடர்ந்து உழைக்கும்.

சுவிட்ச்

கடைசியில் நிறத்துக்கு வரலாம். செர்ரி வரிசையின் சிவப்பு, தடையின்றி நேராக இறங்கும், 2 மி.மீ. ஆழத்தில், 45 சென்டிநியூட்டன் விசையில் எழுத்து பதிவாகும். பழுப்பு, பதிவாகும் இடத்தில் விரலுக்குச் சிறு தடங்கலைக் காட்டும். நீலம், தடங்கலோடு ‘கிளிக்’ ஒலியும் எழுப்பும். பிற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே நிறமுறையைப் பின்பற்றுகின்றன. நீலம் தனியறைக்கு மட்டுமே உரியது. பகிர்ந்த அலுவலகத்திலும், வீட்டில் குழந்தை உறங்கும் அறையிலும், காணொளிக் கூட்டங்களிலும் அது பிறருக்குத் தொல்லை. ரப்பர் பலகையிலிருந்து மாறுபவர்களுக்குப் பழுப்பு எளிதில் கைவசமாகும். சிவப்பில் விரல் பட்டாலே எழுத்து விழுவதாக முதல் வாரத்தில் தோன்றும். சுவிட்ச் மாற்றக்கூடிய பலகை என்றால் இதில் தவறாகத் தேர்ந்தாலும் இழப்பு சிறியது. ஆனால் அதன் துளைகள் மூன்று ஊசிச் சுவிட்சுக்கா ஐந்து ஊசிச் சுவிட்சுக்கா என்பதை அறிந்தே மாற்றுச் சுவிட்ச் வாங்க வேண்டும்.

வாங்கும்போது

இந்தியாவில் கம்பியில்லா விசைப்பலகைகள் 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையில் சேர்க்கப்பட்டவை. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குறியீடும் பதிவு எண்ணும் பெட்டியிலோ பலகையின் அடியிலோ அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இணையத்தில் வாங்குபவர் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் தன் வழக்கமான வேலையில் சில மணி நேரமாவது அதில் தட்டச்சு செய்து பார்க்கலாம்: தமிழ்ப் பத்தி ஒன்று, கடவுச்சொல் உள்நுழைவு, பத்து நிமிட ஓய்வுக்குப்பின் முதல் சொல், கைப்பேசிக்கு மாறித் திரும்புதல்.