கியோட்டோவிலிருந்து வந்த கேள்வி

சென்ற ஆண்டு ஆனி மாதம், பொறியியல் இறுதியாண்டு பயிலும் என் பேத்தி, பயிற்சி மாணவியாக இரண்டு மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரில் தங்க நேர்ந்தது. அவள் புறப்படும் வேளையிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. “பெருமாள் கோயில் இல்லாத ஊரில் யாரைச் சேவிப்பாய் அம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் கூறவில்லை. என் கால்களைத் தொட்டு வணங்கிவிட்டு வண்டியில் ஏறினாள். குழந்தையின் முகம் வாடியதைப் பின்னர் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள், எந்த வாடிக்கையாளரையும் கடிந்து பேசியதில்லை என்று பெருமை கொள்பவன் நான். வாழ்த்தி வழியனுப்ப வேண்டிய நேரத்தில் வீட்டுப் பிள்ளையை வருத்திவிட்டேன்.

முதல் மூன்று வாரங்கள் தொலைபேசியில் உணவு, உடல்நலம் இவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. நான்காம் வாரம் ஞாயிறன்று அவளே அழைத்தாள். இரண்டு நாள் விடுமுறையில் தான் கண்டவற்றை ஒன்றுவிடாமல் கூறினாள்.

சனிக்கிழமை அவள் சென்றது, கியோட்டோவின் புகழ்பெற்ற சான்ஜூசான்கென்தோ என்னும் பௌத்த ஆலயம். 1164-ல் கட்டப்பெற்று, 1249-ல் தீக்கிரையாகி, 1266-ல் மீண்டும் எழுந்த ஆலயம் அது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மரமண்டபம். தூண்களுக்கு இடையே முப்பத்து மூன்று இடைவெளிகள் இருப்பதால் அப்பெயர் பெற்றது. கருணையே வடிவான அவலோகிதேசுவரரை அந்நாட்டார் கன்னோன் என்று போற்றுகின்றனர். நடுவே ஒரு பெரிய திருவுருவம் அமர்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆயிரம் திருவுருவங்கள் பொன்முலாம் ஒளிர நிற்கின்றன.

அவற்றின் முன்னே 28 காவல் தெய்வங்கள். அங்கேதான் என் பேத்தி திகைத்து நின்றுவிட்டாள். பறவை அலகும் சிறகுகளும் கொண்ட ஓர் உருவம் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தது. ஜப்பானியர் கருரா என்று அழைக்கும் அவர், கருடனே! இந்திரனும் பிரம்மாவும்கூட அவ்வரிசையில் இருந்தனர். நம் வேத, புராணங்கள் கூறும் தேவர்களைப் பௌத்த நூல்கள் அறத்தின் காவலர்களாக ஏற்றன. அந்நூல்கள் சமஸ்கிருதத்திலிருந்து சீன மொழிக்குச் சென்றபோது அத்தேவர்களும் உடன் சென்று, சீனத்தையும் கொரியாவையும் கடந்து ஜப்பானை அடைந்தனர்.

“பார்த்தாயா, நம் தெய்வங்கள் எங்கும் இருக்கிறார்கள்!” என்று நான் பெருமிதம் கொண்டேன். அவள் மெல்லத் திருத்தினாள். “தாத்தா, அங்கே அவர் அந்த ஊர்க் கருடன். பல நூற்றாண்டுகளாகப் பேணி வருபவர்கள் அவர்கள்.” அச்சொல் எனக்குத் தைத்தது. ஆயினும் உண்மை அதுவே.

ஞாயிறன்று, ஜப்பானின் மிகப் பெரிய ஏரியாகிய பிவாவில் உள்ள சிக்குபு தீவுக்குப் படகேறினாள். துறையிலிருந்து 165 கற்படிகள் ஏறினால் பென்ஸைதென் எழுந்தருளியிருக்கும் ஹோகோன்ஜி ஆலயம். பென்ஸைதென் வேறு யாருமல்லர், சரஸ்வதி தேவியே. ஆதியில் நதித் தெய்வமாகப் போற்றப்பெற்ற அன்னை அங்கும் நீர் சூழ்ந்த இடத்திலேயே விளங்குகிறாள். பிவா என்பது அந்நாட்டு வீணை போன்றதொரு நரம்பிசைக் கருவியின் பெயருமாகும். பென்ஸைதென்னின் திருக்கரத்தில் அதனைக் காண்பது வழக்கம்.

தீவில் உள்ள ஷிண்டோ ஆலயத்தில், கை கழுவும் முறையை ஒரு மூதாட்டி சைகையால் கற்பித்தாராம். மர அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு வாய். இறுதியில் அகப்பையை நிமிர்த்தி, எஞ்சிய நீரால் அதன் காம்பையும் கழுவ வேண்டும். அடுத்து வருபவர் தூய்மையான காம்பைப் பற்றுவதற்காக!

ஹோகோன்ஜியின் மூலத் திருவுருவம் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறையே காட்சி தருவதாம். அடுத்த தரிசனம் 2037-ல். காஞ்சியில் 2019-ஆம் ஆண்டு, 40 ஆண்டுகளுக்குப் பின் எழுந்தருளிய அத்தி வரதரைச் சேவித்தவர்களுக்கு அந்த ஏக்கம் புரியும்.

இவ்வளவும் கூறிய பின்னர் அவள் குரல் தழைந்தது. “யாரைச் சேவிப்பாய் என்று கேட்டீர்களே தாத்தா, மூன்று வாரமாக அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. இரண்டு இடத்திலும் கைகூப்பினேன். அது தவறா?”

“தவறில்லை அம்மா. கேட்ட நான்தான் தவறு செய்தேன்” என்றேன். சில விநாடிகள் இருவரும் பேசவில்லை.

பிறகு அவள், “அந்த மண்டபத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் நெடுநேரம் நின்று பார்த்தேன். நம் ஊர்க் கோயிலில் கருடாழ்வாரின் சிறகுகள் விரிந்திருக்கின்றனவா, மடங்கியிருக்கின்றனவா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடந்து செல்லும் சந்நிதி அது!

மறுநாள் விடியற்காலையில் கோயிலுக்குச் சென்றேன். பெருமாளைச் சேவித்த பின், கருடாழ்வார் முன்னே நின்றேன். பட்டர் என் வேண்டுகோளின்படி தீபத்தைச் சற்று உயர்த்திக் காட்டினார். சிறகுகள் இருபுறமும் பாதி விரிந்திருந்தன, இறங்கி வந்தவரா, எழும்பப் போகிறவரா என்று சொல்ல முடியாதபடி. கூப்பிய கரங்களின் விரல்நுனிகள், எத்தனையோ தலைமுறைகளின் எண்ணெய்க் காப்பினால் வழவழத்து மின்னின. இத்தனை அழகையும் அன்றுதான் கண்டேன்.

அறுபது ஆண்டு காத்திருக்கும் மக்கள் ஒரு தீவில். நாள்தோறும் திறந்திருக்கும் சந்நிதியைப் பாராமல் கடந்தவன் நான். தொலைவு சென்றவள் அவள். விலகி இருந்தவனோ நான்.

வெளிநாடு செல்லும் பிள்ளைகளிடம், “நம் வழக்கத்தை மறவாதே” என்று நாம் சொல்வது இயல்பு. அதனைச் சொல்லும் முன், நம் ஊர்ச் சந்நிதியில் ஒரு நாழிகை நின்று நாமும் கண்ணாரக் காண்போமாக.

கண்டதை அன்றே பேத்திக்கு எழுதினேன். மாலையில் பதில் வந்தது: “நன்றி தாத்தா. துவாரபாலகர்களின் கையில் என்ன இருக்கிறது?”

நாளைக் காலை பார்த்து எழுதுவதாகத் தெரிவித்தேன்.