வடிகட்டி வாங்குமுன் ஒரு நிமிடம்!

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அடுப்படியில் வேலையாய் இருக்கிறீர்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்கிறார்.

"அக்கா, ஒரு கிளாஸ் பைப்புத் தண்ணி கொடுங்க" என்கிறார். அதன் பக்கத்திலேயே தம் கருவியில் வடித்த தண்ணீரையும் ஒரு கிளாசில் வைக்கிறார். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார். சற்று நேரத்தில் உங்கள் தண்ணீர் சேறாய்ப் பழுத்துவிடுகிறது. அவருடையது மட்டும் பளிங்குபோல் நிற்கிறது. "இதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்களா அக்கா?" என்று கேட்கிறார். பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா?

பதற வேண்டாம். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. இரும்புக் கம்பியே மின்சாரத்தில் கரைந்து துருவாய் வந்தது. குழாய்த் தண்ணீரில் சிறிதளவு தாது உப்புகள் இருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் பாய்வதில்லை. அவருடைய கிளாசில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, "இப்போது இன்னொரு தடவை காட்டுங்கள், தம்பி" என்று கேளுங்கள். அதுவும் பழுத்துவிடும்!

வடிகட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் தண்ணீரில் உள்ள குறை இன்னதென்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கருவியை வாங்குவதே புத்திசாலித்தனம். நோய் தெரியாமல் மருந்து வாங்குவார் உண்டோ?

தண்ணீரை மென்மையாக்க வேண்டுமா?

சிலர், "உங்கள் தண்ணீர் கடின நீர், அதை மென்மையாக்க வேண்டும்" என்பார்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரே கடின நீர். பெர்லிஸ், கிந்தா பள்ளத்தாக்கு போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் அது உண்டு. நம் ஜொகூரிலோ குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மழை பெய்து நிறையும் ஆறுகளிலிருந்தும், செம்புரோங், லாயாங் போன்ற அணைகளிலிருந்தும் வருகிறது. அது பொதுவாக மென்னீர்தான்.

சோதிப்பது எளிது. சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறதா? கேத்தலின் அடியில் வெள்ளைக் காரை படியவில்லையா? அப்படியானால் அந்தக் கருவி உங்களுக்குத் தேவையில்லை. அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தண்ணீரில் விடுவது. அதற்கு அடிக்கடி உப்பும் போட வேண்டும். கிருமியையும் அது கொல்லாது. வீட்டில் இரத்தக் கொதிப்புக்காரர் இருந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

குறைக்கேற்ற கருவி

குழாயில் மண்ணும் துருவும் வருகின்றனவா? நீர்த்தடைக்குப் பிறகு பழைய குழாய்களிலிருந்து இப்படி வருவதுண்டு. முதலில் சற்று நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாருங்கள். நீர்த்தொட்டியையும் கழுவுங்கள். நாள்தோறும் வந்தால், வீட்டுக்கு வெளியே பொருத்தும் மணல் வடிகட்டி போதும். ஆனால் தண்ணீரை எதிர்த் திசையில் செலுத்தி மணலை அவ்வப்போது கழுவ வேண்டும். கழுவாத மணல் அழுக்கு மூட்டைதான்.

குளோரின் வாடை பிடிக்கவில்லையா? கரி வடிகட்டி அதை நீக்கும். குளோரின் போனபின் கிருமிக்குக் காவல் இல்லை என்பதையும் மறவாதீர்கள். உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதற்குள்ளேயே கிருமி குடியேறும்.

கிணற்றுத் தண்ணீரா? இறைக்கும்போது தெளிவாய் இருந்து, வாளியில் வைத்தபின் செம்மஞ்சளாக மாறினால் அதில் இரும்புச் சத்து இருக்கிறது. வெள்ளைத் துணியில் கறை ஏறும், தேநீர் கறுக்கும். மலேசியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கலாகாது. தண்ணீரை உயரத்திலிருந்து பூவாளிபோல் பீப்பாயில் விழவிட்டு, இரவு முழுதும் தெளியவைத்து, பிறகு மணலில் வடித்தால் இரும்பு பெருமளவு குறையும். பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலங்களில் தேநீர் நிறத்தில் ஊறும் தண்ணீரோ இப்படி எளிதில் தெளியாது.

குடிக்கும் தண்ணீரில் கிருமிப் பயமா? பீங்கான் வடிகட்டி பெரும்பாலான பாக்டீரியாக்களைத் தடுக்கும், மிக நுண்ணிய வைரசைத் தடுக்காது. புற ஊதா விளக்கு கிருமியைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் கலங்கல் தண்ணீரில் பயன் தராது. ஆர்.ஓ. கருவி உப்புகளையும் நீக்கும், அதே சமயம் ஒரு பங்கு தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும். செலவு குறைந்த வழி நம் பாட்டிமார் காட்டியதே: தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துக் குடிப்பது.

கொதிக்கவைப்பது கிருமிக்குத்தான் மருந்து. இரும்பும் இரசாயனமும் அதனால் போய்விடா. 2017இல் ஜொகூர் ஆற்று நீரில் அம்மோனியா கலந்தபோது சுத்திகரிப்பு நிலையங்களையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு வடிகட்டியை நம்பாமல், நீர் விநியோக நிறுவனத்தின் அறிவிப்பைக் கேட்டு நடப்பதே பாதுகாப்பு.

கையெழுத்துப் போடுமுன்

"மாதம் 80 வெள்ளிதானே" என்பார்கள். மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள்: 2,880 வெள்ளி! கார்ட்ரிட்ஜ் செலவு அதில் சேர்ந்ததா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இடையில் நிறுத்தினால் அபராதம் உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்றவரின் ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். வாய்ச்சொல் போதாது. கடிதத்தின் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞரும் தேவையில்லை.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சொல். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. லயத்துக்கே கலங்கல் தண்ணீர் வந்தால், வீட்டுக்கு வீடு தவணையில் வடிகட்டி வாங்கி அந்தக் குறையை நீங்கள் சுமப்பானேன்? வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட்டு நிர்வாகத்திடம் மனுக் கொடுங்கள். தொழிற்சங்கத்திடம் சொல்லுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி மறுபடி வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவரும் பிழைப்புக்கு வந்தவர்தான். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள், குடிப்பதற்கு. கூடவே, "எங்கள் தண்ணீரில் என்ன குறை, உங்கள் கருவி அதை எப்படித் தீர்க்கும்?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.