முப்படிச் சார்பின் திரும்பற் புள்ளிகள் கூறுஞ் சான்று

முப்படிச் சார்பின் வரைபு அச்சை வெட்டுமிடங்களைக் காணுதலும், அதன் திரும்பற் புள்ளிகளைக் காணுதலும் தொடர்பற்ற இரு வேலைகள் என்றே மாணாக்கருட் பலர் கருதுகின்றனர். முன்னதற்குச் சமன்பாட்டைத் தீர்த்தல், பின்னதற்குப் பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தல் என்பதோடு அவர்தம் முயற்சி முடிந்துவிடுகின்றது. முன்னதைப் பற்றிப் பின்னது கூறுஞ் சான்று கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அதன் அருமையை விளக்கப் பழைய சமன்பாடொன்றே போதும்.

இத்தாலியரான கார்டானோ 1545 ஆம் ஆண்டில் 'ஆர்ஸ் மாக்னா' என்னும் நூலில் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்குஞ் சூத்திரத்தை வெளியிட்டார். (தம்மிடம் மறைவாகப் பெற்றதை அம்பலப்படுத்திவிட்டார் எனத் தார்த்தாலியா முறையிட்டது தனிக்கதை.) அச்சூத்திரத்தை ய³ = 15ய + 4 என்பதில் வழங்கினால் −121 இன் வர்க்கமூலம் தோன்றுகின்றது. மறையெண்ணுக்கு வர்க்கமூலம் ஏது? ஆயின் இச்சமன்பாட்டுக்கு மெய்ம்மூலமே இல்லையோ எனின், 4 ஐப் பிரதியிட்டுப் பார்க்க: 64 = 60 + 4. மூலம் கண்முன்னே நிற்கின்றது!

இனி ர = ய³ − 15ய − 4 என்னும் வரைபை நோக்குவோம். பெறுதியாகிய 3ய² − 15 பூச்சியமாவது ய = ±√5 என்னும் இடங்களில். ய = −√5 ஆகும்போது ர = 10√5 − 4, அதாவது ஏறக்குறைய 18.36, இஃது உயர்வு. ய = √5 ஆகும்போது ர = −10√5 − 4, ஏறக்குறைய −26.36, இஃது இழிவு. உயர்வு அச்சுக்கு மேலும் இழிவு கீழும் இருத்தலால், இடக்கோடியிற் கீழிருந்து ஏறும் வளைகோடு அச்சை மும்முறை வெட்டியே தீரும். (ய − 4) என்னுங் காரணியை நீக்க எஞ்சுவது ய² + 4ய + 1. ஆகவே மற்றை மூலங்கள் −2 ± √3.

இங்கே வியக்கத்தக்கதொன்றுண்டு. அவ்வுயர்வையும் இழிவையும் பெருக்கினால் 16 − 500 = −484. அதன் காற்பங்கே −121! இது தற்செயலன்று. ப நேரெண்ணாயுள்ள ய³ = பய + க என்னும் வடிவச் சமன்பாடு எதற்கும், சூத்திரத்தில் வர்க்கமூலக் குறியின் கீழ் நிற்பது இப்பெருக்கத்தின் காற்பங்கேயாகும். எனவே திரும்பற் புள்ளிகள் அச்சின் இருபுறத்தும் அமைந்து, மூலங்கள் மூன்றும் மெய்யாய் வேறுபட்டு நிற்கும்போதுதான் சூத்திரம் மறையெண்ணின் வர்க்கமூலத்தைக் காட்டும். இரு புள்ளிகளும் ஒரே புறத்தாயின் வெட்டு ஒன்றே; ஒரு புள்ளி அச்சிலேயே கிடப்பின் வளைகோடு ஆங்கு அச்சைத் தொட்டுத் திரும்பும்.

பொம்பெல்லி என்பார் 1572 இல் வெளியிட்ட நூலில், 2 + √−121 என்பதன் கனமூலம் 2 + √−1 எனவும், 2 − √−121 என்பதன் கனமூலம் 2 − √−1 எனவுங் கொண்டு, இரண்டையுங் கூட்டி 4 ஐப் பெற்றார். ஆள்கூற்றுக் கேத்திரகணிதமோ வகையீட்டு நுண்கணிதமோ அன்று தோன்றியிருக்கவில்லை.