முதல் உளி வாங்குமுன்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது பழமொழி. ஆயினும் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. நாங்கள் மும்பைக்குக் குடிவந்த புதிதில், புத்தக அலமாரி செய்ய விரும்பிய என் மகனுக்குப் பன்னிரண்டு கருவிகள் கொண்ட பெட்டியொன்றை மலிவாக வாங்கித் தந்தேன். முதல் நாளே உளியின் கூர் தேக்கில் மடிந்தது. மழுங்கிய உளியை அவன் அழுத்தித் தள்ள, அது வழுக்கி இடக்கையைக் கிழித்தது. காயம் விரைவில் ஆறிற்று. ஆர்வம் திரும்ப ஓராண்டு ஆயிற்று. பிழை பையனுடையதன்று, என்னுடையதே.

அன்று கற்ற முதற் பாடம், பெட்டியாக வாங்கலாகாது என்பது. தொடக்கத்திற்கு ஒரு கைவாள், 12, 25 மி.மீ. அகலத்தில் இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், எஃகு அளவுகோல், சாணைக்கல், மரத்தை இறுகப் பற்றக் கிளாம்பு ஆகியவை போதும். கிளாம்பு இருந்தால் இரு கைகளும் உளியின் கூருக்குப் பின்னாலேயே இருக்கும். இழைப்புளி விலை மிகுந்தது. பக்குவப்படுத்தவும் பழக்கம் வேண்டும். அதுவரை மரக்கடையிலேயே இழைத்து வாங்கலாம்.

நாகதேவித் தெருக் கடைகளில் விலை கேட்குமுன் சோதித்துப் பாருங்கள். உளியின் தட்டைப் பக்கத்தில் அளவுகோலின் விளிம்பை நிறுத்தினால், இடையில் வெளிச்சம் தெரியலாகாது. நேரான பலகை விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்து, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து மறுகோடு இழுங்கள். இரண்டும் ஒன்றினால் அது செங்கோணம், விலகினால் வேண்டா. பல்நுனி கருநீலமாக உள்ள வாள் நெடுநாள் கூர் காக்கும். ஆனால் மழுங்கியபின் அரத்தால் தீட்ட இயலாது.

ஜலந்தரிலும் நாகௌரிலும் செய்யப்படும் கைக்கருவிகளை உள்நாட்டுச் சரக்கென்று இகழ வேண்டா. சோதனையில் தேறினால் வாங்குங்கள். சோர் பஜாரில் பழைய உளி கிடைத்தால், மேல்துரு தேய்த்தால் போய்விடும். கூருக்கு அருகே துரு குழித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த உளியும் கடையிலிருந்து முழுக்கூருடன் வருவதில்லை. 25 பாகைச் சரிவில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் முடிப்பது வழக்கம். ஆகவே உளியில் சிறிது மிச்சம் பிடித்தேனும் நல்ல சாணைக்கல் வாங்குங்கள்.

மகன் செய்த அலமாரி இன்று எங்கள் கூடத்தில் நிற்கிறது. சற்றே கோணல்தான்; இம்முறை கருவியைக் குறை சொல்ல வழியில்லை!